ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, மச்சான்

ஜூலை 9, செவ்வாய், காலை 10.40

மச்சான்,

அவ போன அன்னிக்கு எனக்குச் செய்தி வந்தது மத்தியானம் 1 மணி 52 நிமிஷம். நீங்க முதல் தடவை கூப்பிட்டது 12.38. நடுவுல எழுபத்திநாலு நிமிஷம். மெஷின் ரூமுக்குள்ள போறப்ப போனை ஆஃப் பண்ணி வாசல்ல இருக்கற பெட்டில போட்டுட்டுப் போகணும், அது எங்க ஆபீஸ் ரூல். வெளிய வந்து ஆன் பண்ணினா, நீங்க ஒன்பது தடவை கூப்பிட்டதா மெசேஜ் வரிசையா வந்து விழுந்தது.

விளக்கம் சொல்றதுக்காக இதை எழுதல. நேரத்தை எழுதிட்டு ஆரம்பிக்கறது இப்பப் பழக்கமாயிடுச்சு. பதினொரு வாரத்துல நீங்க எனக்குப் போட்ட முதல் மெயில் இன்னிக்கு 10.06க்கு வந்தது. "தங்கை எழுதிய ப்ரோகிராம் புது மெஷினில் திறக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்கவும்." ரெண்டே வரி. மாப்ளன்னு இல்ல. பரவால்ல. ப்ரோகிராமைப் பத்திக் கேட்டா எனக்குப் பதில் தெரியும். வேற எதைக் கேட்டாலும் இப்போதைக்குத் தெரியல.

விஷயம் இதுதான். பக்கவாதம் வந்த பிறகு மாமா ஸ்க்ரீன்ல படத்தைத் தொட்டா அவருக்காகப் பேசுதே, அது ஒரே ஃபைல் இல்ல. ரயில்வே ஸ்டேஷன் மைக்ல முப்பது வருஷம் மாமா பேசின டேப்பை எல்லாம் வெட்டி வெட்டி, அந்தக் குரலை அவ தனியா ஒரு ஃபைல்ல வச்சிருந்தா. ஷேர்டு லைப்ரரின்னு பேரு. உங்க பேச்சுப் பயிற்சி நிலையத்துல படக்கார்டு எல்லாத்தையும் பொதுவா ஒரு அலமாரில வச்சிருப்பீங்கல்ல, அந்த மாதிரி. ப்ரோகிராம் கிளம்பறப்ப அந்த அலமாரி எங்கன்னு தேடும். நீங்க ப்ரோகிராமை மட்டும் பென்டிரைவ்ல கொண்டுபோயிருக்கீங்க, அலமாரி பழைய மெஷின்லயே நிக்குது. அவ்வளவுதான் இருக்கும்.

கீழ ஒரு வரி தனியா ஒட்டியிருக்கேன். "உனக்கு என்னென்ன ஃபைல் வேணும், எங்க தேடுற"ன்னு ப்ரோகிராமைக் கேக்கற வரி. ரெண்டு மெஷின்லயும் அடிச்சு, வர்றதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. நேர்ல வந்து பாக்கலாம்தான். ஒன்பது மணி நேர ரயில். நான் வர்றதை நீங்க விரும்புவீங்களான்னு தெரியல.

ஜூலை 10, புதன், காலை 10.50

தங்கையின் கணவர் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். போட்டோ இணைத்துள்ளேன்.

புது மெஷினில்: அந்தக் குரல் ஃபைல் இல்லை என்கிறது. சரி. பழைய மெஷினிலும் அதேதான், இல்லை என்கிறது. ஆனால் அதே மெஷினில் அப்பா ஐந்து நிமிடத்துக்கு முன்னால் "முதலாவது நடைமேடைக்கு ஒரு தேநீர் தேவை" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். இல்லாத குரலில் எப்படிப் பேசுகிறார்? உங்கள் படிப்பு எனக்குப் புரிவதில்லை. பேயோட்டுகிறவனிடம் கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பான்.

தேடுகிற இடம் என்று ஒரு முகவரி காட்டுகிறது. அதில் 'வாலு' என்று இருக்கிறது. அவளை நான் கூப்பிடுகிற பேர் அது. அந்தப் பேரில்தான் அந்த மெஷினில் தனக்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய மெஷினின் விசிறி மாவு மில் மாதிரி கத்துகிறது. கடைக்காரர் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்கிறார். என் நிலையத்தில் பேச்சு போன ஆறு பேர் வேறு இந்த ப்ரோகிராமுக்குக் காத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். நாள் முழுக்க ஒரே வாக்கியத்தைத் தட்டிக்கொண்டு இருக்கிறார். அது உங்களுக்குத் தேவையில்லாதது.

ஜூலை 10, புதன், காலை 11.15

மச்சான்,

போட்டோ பாத்தேன். ஓடிட்டிருக்கற ப்ரோகிராம் பழைய தகவலைக் காட்டும் சில நேரம். பழைய மெஷினை ஒரு தடவை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்புறம் அதே வரியை மறுபடி அடிங்க.

ஜூலை 10, புதன், காலை 11.52

மச்சான், ஆஃப் பண்ணாதீங்க.

முன்னாடி போட்ட மெயிலைப் பாக்காதீங்க. பாத்திருந்தா செய்யாதீங்க. பழைய மெஷினைத் தொடாதீங்க, ஒயரைத் தொடாதீங்க, விசிறியைத் துடைக்காதீங்க. ப்ரோகிராமை மூடவும் வேண்டாம். மாமா பாட்டுக்குப் பேசட்டும்.

போன்ல பத்தொன்பது தடவை கூப்பிட்டுட்டேன். என் நம்பர்னு தெரிஞ்சுதான் எடுக்கலன்னு புரியுது. நிலையத்து நம்பருக்கு அடிச்சா அங்க இருக்கற பொண்ணு, "சார் வீட்ல இருக்காரு, நீங்க கூப்பிட்டா சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காரு"ன்னுது. பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. நல்ல பொண்ணு.

ஆபீஸ்ல யார் எதைக் கேட்டாலும் ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி, யோசிக்காம கை அதையே எழுதிடுச்சு. அனுப்பிட்டு டீ எடுக்கப் போனேன். கப்பு பாதி நிறையறப்பதான் உறைச்சது.

அந்த ஃபைலை அழிச்சதே நான்தான் மச்சான். போன மாசம் மாமாவைப் பாக்க வந்தேன்ல, நீங்க நிலையத்துலயே உக்காந்துட்டீங்களே, அன்னிக்கு. மெஷின் பூட்டியிருந்தது. ஸ்க்ரீன்ல ரெண்டு பேர். அப்பா. வாலு. பாஸ்வேர்டு போடுற கட்டத்தோட, இப்ப வந்து உக்காந்துடப் போற மாதிரி. நான் நின்னுட்டே அவ கணக்கை எடுத்துட்டேன். அவ ஃபோல்டரையும் சேர்த்து அழிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். குரல் அதுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. வேற இடத்துக்கு மாத்தணும்னு அவ சொல்லிட்டேதான் இருந்தா, மாத்தியிருப்பான்னு நெனச்சேன்.

அழிஞ்ச ஃபைலை மாமா ப்ரோகிராம் அழியறதுக்கு முன்னாடியே திறந்து பிடிச்சிட்டிருக்கு. அதான் ஓடுது. ஒரு தடவை மூடினா முடிஞ்சுது, திரும்ப வராது.

தயவுசெஞ்சு ஒரு வார்த்தை எழுதுங்க. திட்டியாவது எழுதுங்க.

ஜூலை 10, புதன், மாலை 5.30

யோவ்,

திட்டச் சொல்லிட்டேல்ல, உக்காந்து வாங்கிக்கோ.

உன் முதல் மெயில் வந்த கையோட போய் நின்னேன். அப்பா முன்னாடி மெஷின். நான் சுவிட்ச்கிட்ட குனிஞ்சேன். அவருக்கு இடது கை மட்டும்தானே வேலை செய்யுது? அந்தக் கையைக் கொண்டாந்து பிளக் மேல பொத்தி வச்சிக்கிட்டாரு. "அப்பா, எடுங்க, உங்க மருமகன்தான் சொல்றான்"னேன். கையை எடுத்தாரு. அப்பாடான்னு பாத்தா, படத்தைத் தொடத்தான் எடுத்திருக்காரு. "இந்த வண்டி வழியில் எங்கும் நிற்காது"ன்னு அறிவிச்சுட்டு மறுபடியும் பொத்திக்கிட்டாரு. நான் இழுக்க, அவர் அழுத்த, எழுபத்தோரு வயசுக்கும் நாப்பத்திநாலு வயசுக்கும் பஞ்சாயத்து. ஜெயிச்சது எழுபத்தொண்ணு. கோவிச்சுக்கிட்டு நிலையத்துக்குக் கிளம்பிப் போயிட்டேன். உன் ரெண்டாவது மெயிலை இப்பதான் வந்து பாக்கறேன். பாத்ததும் ஓடிப்போய் ஸ்க்ரீனைத்தான் பாத்தேன்.

ஓடிட்டுதான் இருக்கு. மூச்சு விடு.

இப்ப திட்டு. வாலு பேரை ஸ்க்ரீன்லேருந்து எடுத்தது நீதானா? அன்னிக்கு சாயங்காலம் வந்து பாக்கறேன், ஒரே ஒரு பேர்தான் இருக்கு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு நெனச்சேன். யார்கிட்டயும் கேக்கவும் பயம். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவே? அவ உனக்கு மட்டும்தான் பொண்டாட்டி. எனக்குப் பொறந்ததுலேருந்து தங்கச்சி.

இன்னொண்ணும் சொல்லிடறேன். மறுநாள் காலைல மெஷினைத் திறக்கறப்ப அந்தப் பேர் இல்லாதது எனக்குச் சௌகரியமா இருந்தது. அதை நெனச்சு அன்னிக்குப் பூரா என்மேலயே எரிச்சல்.

ஆஃப் பண்ணுன்னு நீ எழுதினப்ப ஒரு நிமிஷம் மனசுக்குள்ள நிம்மதியா இருந்தது மாப்ள. அது எதனாலன்னு இப்ப கேக்காதே.

அடுத்து என்ன செய்யணும்? சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு.

ஜூலை 11, வியாழன், காலை 6.20

மச்சான்,

மாப்ளன்னு எழுதியிருக்கீங்க. நாலு தடவை படிச்சேன்.

முதல்ல கணக்கு. அந்தக் குரல் ஃபைல் வேற எங்க இருக்கு? அவ லேப்டாப்ல இருந்தது. லாரி இடிச்ச அன்னிக்கு உங்க ஊர்ல அது அவ பையில இருந்தது. போலீஸ் குடுத்த கவர்ல பாதி கீபோர்டுதான் இருந்தது. இங்க வீட்ல ஒரு பேக்கப் டிஸ்க் இருக்கு, அதுல ப்ரோகிராம் இருக்கு, பழைய குரல் இருக்கு. அது யாரோ ஒருத்தரோட பொதுக்குரல். மாமா குரல் சேர்த்தது அதுக்கப்புறம். அப்ப உலகத்துல இருக்கறது ஒரே ஒரு பிரதி. அது மாமா மேஜை மேல, பேரில்லாம இருக்கு.

பேர்தான் போச்சு. இந்த மாதிரி சிஸ்டத்துல ஃபைலோட பேரை அழிச்சாலும், யாரோ ஒருத்தர் அதைப் பிடிச்சிட்டிருக்கற வரைக்கும் உள்ள இருக்கறது போகாது. கடைசிப் பிடி விட்டாத்தான் டிஸ்க் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கும். ஓடிட்டிருக்கற ஒவ்வொரு ப்ரோகிராமும் எதெதைப் பிடிச்சிட்டிருக்குன்னு உள்ள எட்டிப் பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. அந்த வழியா ஒரு பிரதி எடுத்துடலாம்.

நெட் இருந்தா இங்கேருந்து நானே செஞ்சிருப்பேன். அப்பா பேசறது வீட்டைத் தாண்டிப் போகக்கூடாதுன்னு அவதான் அந்த மெஷினுக்கு நெட்டே வைக்கல. அதனால நீங்கதான் செய்யணும். நாலு வரி இணைச்சிருக்கேன். முதல் வரி ப்ரோகிராமோட நம்பரைச் சொல்லும். ரெண்டாவது, அது பிடிச்சிருக்கறதை எல்லாம் பட்டியல் போடும். அதுல வாலு பேர் இருக்கற வரியைத் தேடுங்க, பக்கத்துல 'அழிக்கப்பட்டது'ன்னு இங்கிலீஷ்ல அடைப்புக்குள்ள இருக்கும். பயப்படாதீங்க. அந்த வரியோட ஆரம்பத்துல ஒரு நீளமான நம்பர் இருக்கும், அதை மூணாவது வரில போட்டா பிரதி வெளிய வரும். நாலாவது வரி அதோட அளவைச் சொல்லும். ஒன்பது எம்பின்னா அது பொதுக்குரல். நாப்பத்தொரு எம்பின்னா மாமா.

கரண்ட் போனா என்ன பண்றதுன்னு நேத்து பூரா அதே நெனப்பு. யூபிஎஸ் பச்சை விளக்கு எரியுதான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

சந்தேகம் வந்தா எந்த நேரமும் கூப்பிடுங்க. என் போன் ஆன்லதான் இருக்கும். அந்த நாளுக்கப்புறம் நான் அதை ஆஃப் பண்ணினதே இல்ல. மெஷின் ரூம் டியூட்டியை மாத்திக்கிட்டேன். குளிக்கறப்ப கதவுக்கு வெளிய ஸ்டூல் போட்டு அது மேல வச்சிருப்பேன். இனிமே யாரும் கூப்பிடப் போறதில்லன்னு தெரியும். அவ உங்ககிட்ட கடைசியாக் கேட்டது என் குரலைன்னு சொன்னீங்கல்ல, போனைக் காதுல வச்சிருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்பான்னு. அதுலேருந்துதான் இப்படி.

ஜூலை 12, வெள்ளி, பகல் 3.10

மாப்ள,

நாப்பத்தொண்ணு.

முதல்ல இதைப் படி, மத்ததை அப்புறம் படி. நாப்பத்தொரு எம்பி.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. "இங்க ஒரு ஸ்பேஸ் விடுங்க"ன்னு எழுதியிருந்தே. எவ்வளவு பெரிசுன்னு எழுதல. நானா நாலு விரல் இடம் விட்டேன், அது ஒண்ணும் சொல்லல. அந்த நீள நம்பரைத்தான் நாலு தடவை தப்பா அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் 'அப்படி ஒண்ணு இல்ல'ன்னு பதில் வரும். அஞ்சாவது தடவை அப்பாவை உக்கார வச்சு, நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிச் சரிபாத்தாரு. சத்தமில்லாம கர்சர் கீழ இறங்குச்சு. தப்பு வந்தாத்தான் இது பேசும், சரியா வந்தா வாயே திறக்காதா? உங்க ஆளுங்க புத்தி அப்படியே மெஷினுக்கும் வந்திருக்கு.

பென்டிரைவ்ல எடுத்து, இன்னொரு பென்டிரைவ்லயும் எடுத்து, மூணாவதை என் சட்டைப் பைல போட்டு பட்டன் மாட்டியிருக்கேன்.

புது மெஷின்ல மட்டும் இன்னும் திறக்கல. ஃபைல் பக்கத்துலயே கிடக்கு, இருந்தும் இல்லங்குது. கண்ணு தெரியாதா அதுக்கு?

இன்னொரு விஷயம் எழுதணும். எழுதி எழுதி அழிச்சிட்டேன். முதல்ல இதை முடிப்போம். அப்பா அந்த வாக்கியத்தை இன்னிக்கு மட்டும் பதினேழு தடவை அறிவிச்சிட்டாரு.

ஜூலை 12, வெள்ளி, மாலை 4.05

மச்சான்,

நாப்பத்தொண்ணுன்னு பாத்ததும் எழுந்து போய் முகம் கழுவினேன். அழல. கொஞ்சம் பசிச்சது. ரெண்டு மாசத்துல பசிச்சு சாப்பிட்டது இன்னிக்குத்தான்.

கண்ணு தெரியாததுக்குக் காரணம் இருக்கு. ப்ரோகிராமுக்குள்ள அவ தன் 'வாலு' ஃபோல்டரோட முகவரியையே, வீட்டு முகவரி மாதிரி, எழுதி வச்சிட்டா. அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிட்டு, யாரும் இல்லன்னு திரும்பி வருது. பக்கத்துல இருக்கறதைத் திரும்பிப் பாக்கச் சொல்லி யாரும் அதுக்குச் சொல்லல. அவசரத்துல எல்லாரும் செய்யற தப்பு. நான் செஞ்சா அவ நாள் பூரா கிண்டல் பண்ணுவா. இப்ப அவ செஞ்சதைக் கண்டுபிடிச்சிருக்கேன், சொல்லிக்காட்ட ஆள் இல்ல.

டிஸ்க்ல இருக்கற ப்ரோகிராம்ல அந்த முகவரியை மாத்திட்டேன். இனிமே 'நான் எந்த ஃபோல்டர்ல இருக்கேனோ அங்கயே தேடு'ன்னுதான் இருக்கும். இணைச்சிருக்கேன். குரல் ஃபைலை அது பக்கத்துல வைங்க, திறக்கும். உங்க ஆறு பேருக்கும் இதேதான். ஒவ்வொருத்தர் ஃபோல்டர்லயும் அவங்கவங்க குரலை வச்சா போதும். டேப் இல்லாதவங்களுக்கு இப்போதைக்குப் பொதுக்குரல், அதையும் சேர்த்து அனுப்பறேன். ரொம்பப் பழைய மெஷின் ஏதாவது இருந்தா 'வெர்ஷன் கிடைக்கல'ன்னு அடம்பிடிக்கும். அதை நோண்டாதீங்க, சிஸ்டத்தையே புதுசாப் போடணும். அடித்தளத்தை மட்டும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோக முடியாது.

புது மெஷின்ல மாமா பேசின பிறகுதான் பழசை ஆஃப் பண்ணணும். மாமா கையாலயே பண்ணச் சொல்லுங்க.

எழுதி அழிச்சது என்னன்னு எழுதுங்க. பணம், பொருள், அவ நகை எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல.

ஜூலை 13, சனி, காலை 9.30

மாப்ள,

திறந்துடுச்சு. காலைல எட்டு மணிக்கு. விசிறிச் சத்தமே இல்லாத மெஷின்ல அப்பா குரல் சுத்தமா, ஈரமா, நான் ஸ்கூல் விட்டு வர்றப்ப ஸ்டேஷன் வாசல்ல கேட்ட அதே குரல். நிலையத்துலேருந்து வந்த பொண்ணு கை தட்டிச்சு. அப்பா முதல்ல என்ன சொன்னாருன்னு கேளு. ரெண்டு மாசமா எந்த வாக்கியத்தைச் சொல்லிட்டிருக்காரோ அதைத்தான்.

"சரியான நேரத்தை மாப்பிள்ளைக்கு அறிவிக்கவும்."

எனக்குத்தான் அந்த அறிவிப்பு. தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி, நான் சட்டை போடறப்ப, செருப்பு மாட்டறப்ப. அதைக் கேக்க முடியாமத்தான் நீ ஆஃப் பண்ணச் சொன்னப்ப ஓடிப் போய்க் குனிஞ்சேன். அது தெரிஞ்சுதான் அவர் பிளக்கைப் பொத்தினாரு. பெத்த அப்பன் வாயை மூடப் பாத்தேன்டா. இதைவிடக் கேவலமா ஒருத்தன் இருக்க முடியுமா?

நேரம் இதுதான். லாரி இடிச்சது 12.05க்கு. பக்கத்துக் கடைக்காரங்க தூக்கிட்டுப் போயிருக்காங்க. நான் ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சது 12.30. டாக்டர் வாசல்லயே நிறுத்தி, வர்ற வழியிலயே போயிட்டாங்கன்னு சொன்னாரு. கண்ணே திறக்கலையாம். வலிகூடத் தெரிஞ்சிருக்காதுன்னாரு. அதுக்கப்புறம்தான் உனக்கு அடிச்சேன். 12.38.

அவ உன் குரலைக் கேக்கல. எதையும் கேக்கல. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. நான் பாக்கறப்ப அவ இல்ல.

ஒன்பது தடவையும் ஒரு பொம்பள குரல் 'நீங்கள் அழைக்கும் நபர்'னு ஆரம்பிச்சது. பக்கத்துல யாரும் இல்ல. எனக்கு யாரையாவது அடிக்கணும்போல இருந்தது. கடைசில நீ எடுத்தே. "உன் குரலைக் கேட்டுக் கேட்டே போனாடா, உன் போன் ஆஃப்"னு கத்தினேன். அப்புறம் நீ வந்து நின்னப்ப வீட்ல எல்லார் முன்னாடியும் அதையே சொன்னேன். ஒரு தடவை சொன்னதை மாத்த வாய் வரல. அப்பாவுக்கு மட்டும் நடந்தது தெரியும், அன்னிக்கு அவர்கிட்ட வந்து சொல்லி அழுதது நான்தானே.

பேசத் தெரிஞ்சவன் பொய் சொன்னேன். பேச முடியாத மனுஷன் உண்மையைச் சொல்லு சொல்லுன்னு அறிவிச்சிட்டே இருந்தாரு. அந்தக் குரல் போயிருந்தா நான் இதை உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

போனைக் குளியலறை வாசல்ல ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன்னு நீ எழுதினதைப் படிச்சதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல.

மன்னிச்சிடுன்னு எழுதக் கை வரல. எழுதினா நீ மன்னிச்சாகணும், அதுவும் உன் தலைலதானே விழும். நீ என்ன வேணா செய். ஆனா பதில் போடு.

ஜூலை 14, ஞாயிறு, பகல் 12.15

மச்சான்,

உங்க மெயில் நேத்து 9.34க்கு வந்தது. வாசல் படில உக்காந்து படிச்சேன். கோவம் வரும்னு பாத்துட்டே இருந்தேன், பால்காரரை எதிர்பாக்கற மாதிரி. வரல. எதிர் வீட்ல ஒருத்தர் சைக்கிள் செயின் மாட்டிட்டு இருந்தாரு. அவர் மாட்டி முடிச்சு, கை துடைச்சு, ஏறிப் போற வரைக்கும் உக்காந்திருந்தேன். எழுந்தப்ப உடம்பு லேசா இருந்தது. அவளுக்கு வலி தெரியலைங்கறதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

எழுபத்திநாலு நிமிஷம்னு பதினொரு வாரமா ஒண்ணைச் சுமந்துட்டுத் திரிஞ்சேன். அதுக்குள்ள அவ இல்லவே இல்ல. அவ தேடாத இடத்துல நான் நின்னுட்டிருந்திருக்கேன்.

அன்னிக்கு உங்க பக்கத்துல யாரும் இல்லன்னு எழுதியிருந்தீங்க. என் போன் ஆன்ல இருந்திருந்தா நீங்க தனியா இருந்திருக்க மாட்டீங்க. அந்தக் கடன் ஒண்ணு என்மேல இருக்கு. நீங்க சொன்ன பொய்யை அதுல கழிச்சுக்கலாம். மாமாகிட்ட சொல்லிடுங்க: சரியான நேரம் கிடைச்சது, நன்றி.

வர்ற வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். ஆறு மெஷின்லயும் நானே போட்டுத் தர்றேன். ஒரு வேலையும் இருக்கு. ப்ரோகிராம் திறக்கறப்ப கீழ சின்னதா 'எழுதியவர்'னு ஒரு வரி காலியா விட்டிருந்தா. அதுல வாலுன்னு போடட்டுமா? இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் செய்வேன்.

பழைய மெஷினை மாமா ஆஃப் பண்ணிட்டாரான்னு எழுதுங்க. அவசரம் இல்ல.

எனக்குத் தூக்கம் வருது மச்சான். பட்டப்பகல்ல, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கு, தெருவுல யாரோ யாரையோ கூப்பிடறாங்க, இருந்தும் வருது. இதை அனுப்பிட்டுப் படுக்கப் போறேன். கூப்பிட்டா கிடைக்கமாட்டேன், மெயில் போடுங்க, எழுந்து பாக்கறேன். இப்ப மணி 12.38. போனை ஆஃப் பண்ணிட்டேன்.